கயிற்றில் எண்ணெய் பட்டுவிட்டதா? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

மலையேறும் கயிற்றில் எண்ணெய் பட்டுவிட்டது என்று யாராவது போன் செய்தால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "எண்ணெய்தானா, உறுதியாகத் தெரியுமா?" எண்ணெய்தான் என்றால் பதற வேண்டியதில்லை. எஞ்சின் ஆயில், கிரீஸ், டீசல், தேங்காய் எண்ணெய் எதுவும் நைலான் இழையை அரிப்பதில்லை. ஆனால் எண்ணெய் என்று நினைத்துத் துடைத்துவிட்ட கறை பேட்டரி அமிலமாக இருந்தால், அந்தக் கயிறு அடுத்த முறை ஆளைத் தாங்காமல் போகலாம். கருநிறக் கயிற்றில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி ஈரத்திட்டுதான். அதனால் எது கொட்டியது என்பதிலிருந்து தொடங்காமல், கண்ணுக்கும் கைக்கும் மூக்குக்கும் தெரிகிற அறிகுறிகளிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே சொல்வது இரண்டு வகைக் கயிறுகளுக்குப் பொருந்தும். பாறை ஏறுபவர்கள் கட்டிக்கொள்ளும் டைனமிக் கயிறு ஒன்று. குகைக்குள் இறங்கவும், உயரமான கட்டடங்களில் தொங்கி வேலை செய்யவும் பயன்படுத்தும் செமி-ஸ்டாட்டிக் கயிறு இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் நைலான் 6 அல்லது நைலான் 66. வெளியே தெரியும் பின்னல் உறையை ஷீத் என்றும், உள்ளே சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் இழைக்கொத்தைக் கோர் என்றும் சொல்வோம். சில செமி-ஸ்டாட்டிக் கயிறுகளில் ஷீத் மட்டும் பாலியெஸ்டராக இருக்கும். கயிற்றோடு வந்த தாளில் அது எழுதியிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டருக்கு அமிலத்தைவிடக் காரம் பெரிய எதிரி, கணக்கு கொஞ்சம் மாறும்.

எண்ணெயால் ஏன் உள்ளே புக முடிவதில்லை

நைலான் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலியில் சீரான இடைவெளியில் அமைடு தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துச் சங்கிலியின் அமைடு தொகுதிகளோடு அவை ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொள்கின்றன. இழையின் வலுவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பிணைப்புகளுக்கு நடுவே நுழைய வேண்டுமென்றால் நுழையும் பொருளும் முனைவுள்ள மூலக்கூறாக, அதாவது ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்டதாக, இருக்க வேண்டும். தண்ணீர் அப்படிப்பட்டது. முழுக்க ஊறிய நைலான் 6 தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த நைலான் 10 முதல் 15 சதவீதம் வரை இழுவலுவை இழக்கும், காய்ந்ததும் அது திரும்பிவிடும். இத்தாலிய ஆல்பைன் கிளப் செய்த சோதனைகளில் நனைந்த டைனமிக் கயிறுகள் தாங்கிய விழுகைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மழையில் நனைந்த கயிற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் கயிற்றையே தூக்கிப் போடலாமா என்று யோசிக்கிறோம். வேதியியலைக் கேட்டால் பயம் தலைகீழாக இருக்க வேண்டும்.

கனிம எண்ணெய்கள் முனைவற்றவை. அவை இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஊறி நிற்கும், இழைக்குள் போகாது. கார் எஞ்சினின் வால்வு கவரையும் காற்றை உள்ளே அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையும் பாருங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் அவை கண்ணாடி இழை கலந்த நைலான். சூடான எண்ணெயும் எண்ணெய்ப் புகையும் வருடக்கணக்கில் படும் இடம் அது. வாகனங்களில் எரிபொருள் போகும் குழாய்களிலும் நைலான் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் கயிற்றின் ஒவ்வொரு இழையும் ஆலையில் பிறக்கும்போதே எண்ணெய் பூசிக்கொண்டுதான் வருகிறது. நூற்கும்போதும் பின்னும்போதும் இழைகள் உரசி அறுந்துவிடாமலிருக்க மசகுப் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். புதுக்கயிறு கையில் கொஞ்சம் வழவழப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நைலானை உண்மையிலேயே அழிப்பவை வேறு. கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவை சங்கிலியையே துண்டிக்கும். ஃபார்மிக் அமிலமும் ஃபீனால் வகைகளும் நைலானைக் கரைத்தேவிடும். பிளீச்சிங் பவுடரும் திரவ பிளீச்சும் ஆக்சிஜனேற்றி நொறுங்க வைக்கும். வெயில் மெதுவாக அதே வேலையைச் செய்யும்.

கறையைப் பார்த்தவுடன்

கயிற்றைச் சுருட்டாதீர்கள். சுருட்டினால் ஒரு இடத்துக் கறை பத்து இடத்துக்குப் போய்விடும். கறை உள்ள பகுதியின் இரு புறமும் ஒரு சாண் தள்ளி டேப் சுற்றுங்கள். மார்க்கர் பேனாவால் கயிற்றின் மேல் எழுத வேண்டாம். சில மார்க்கர் மைகள் பட்ட இடத்தில் கயிறு விழுகையைத் தாங்கும் திறன் பாதி வரை குறைந்ததாக பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யூ.ஐ.ஏ.ஏ.வின் பாதுகாப்புக் குழுவே எச்சரித்திருக்கிறது. எந்தச் சேதமும் செய்யாத எண்ணெயைக் குறித்துவைக்க, சேதம் செய்யக்கூடிய மையைப் பூச வேண்டாமே.

அப்புறம், கயிறு எங்கே கிடந்தது என்று விசாரியுங்கள். வண்டி டிக்கியிலா, ஜெனரேட்டர் அறையிலா, இன்வர்ட்டர் பக்கத்திலா, ஹார்டுவேர் சாமான்களோடு ஒரே மூட்டையிலா? அருகில் திறந்த டப்பா, கசிந்த பாட்டில் ஏதாவது உண்டா? பாதி நோயை இந்த விசாரணையே சொல்லிவிடும்.

அறிகுறி: கருத்த ஈரத்திட்டு, தொட்டால் பிசுபிசுப்பு, காயவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் இதுதான் உண்மையான எண்ணெய். உறுதிசெய்ய ஒரு செய்தித்தாளை அந்த இடத்தில் சுற்றி, மேலே கனமான ஏதாவது வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தாளைப் பிரித்து வெயிலில் காய வைத்துப் பாருங்கள். தண்ணீர்க்கறை என்றால் காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய் என்றால் வடை வைத்த தாளைப் போல, வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஒளி ஊடுருவும் திட்டு அப்படியே நிற்கும். வாசமும் உதவும். புது எஞ்சின் ஆயிலுக்கு லேசான வாசம், பழைய ஆயிலுக்குக் கருகிய வாசம், கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை.

எண்ணெய் என்று தெரிந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மெக்கானிக் கடைத் தரையில், டிக்கியில், எண்ணெயும் பேட்டரி அமிலமும் ஒன்றாகவே சிந்திக் கிடக்கும். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.எச். பட்டைகள் ஆய்வகச் சாமான் கடையிலும் வண்ணமீன் கடையிலும் கிடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கறையை நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பட்டையை அழுத்துங்கள். அதே கயிற்றின் சுத்தமான பகுதியிலும் அதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே நிறம் காட்டினால் நல்லது. கறைப் பகுதி மட்டும் அமிலப் பக்கம் சாய்ந்தால் இத்துடன் நிறுத்திவிட்டு, கீழே மஞ்சள் திட்டு பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

பழைய எஞ்சின் ஆயிலைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். எரிதலில் உண்டாகும் அமிலங்கள் அதில் சேர்வது உண்மை. ஆனால் அவற்றை முறிக்கவே ஆயிலில் காரச் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. ஒரு திட்டு அளவு பழைய ஆயில் நைலானைத் தின்றுவிடும் என்று நான் பயப்படுவதில்லை. அதில் மிதக்கும் உலோகத்துகளும் கரியும்தான் எனக்குக் கவலை. எண்ணெயோடு சேர்ந்து அவை கோர் வரை இறங்கும். கயிறு ஒவ்வொரு முறை வளையும்போதும் இழைகளுக்கு நடுவே உரசும். பாதாமி போன்ற மணற்கல் பாறைகளில் ஏறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எண்ணெய் பட்ட கயிற்றை அந்தத் தரையில் போட்டால் மணல் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எண்ணெய் செய்யாத சேதத்தை அந்த மணல் செய்யும்.

முடிவு: கறை ஓரிரு முழ நீளத்துக்குள் இருந்து, கயிற்றின் முனையருகே இருந்தால், நான் கழுவிக்கொண்டு நேரம் செலவிட மாட்டேன். அந்த முனையை வெட்டி எடுத்துவிடுவேன். வெட்டினால் கயிற்றின் நடுவைக் காட்டும் அடையாளம் இனி நடுவில் இருக்காது என்பதை மறக்கக் கூடாது. கயிற்றின் புதிய நீளத்தை முனையில் ஒட்டும் பட்டையிலும் பதிவேட்டிலும் எழுத வேண்டும். ஒரு முனை எட்டாமல் போய், ஆள் கயிற்றின் கடைசிவரை இறங்கி விழுவது எண்ணெயைவிடப் பல மடங்கு நிஜமான விபத்து. கறை நடுவில் இருந்தால் கழுவுங்கள். எப்படி என்பது கீழே.

அறிகுறி: பெட்ரோல் வாடை அடிக்கிறது, கறை ஒன்றும் இல்லை

டூவீலரில் கயிற்றுப் பையைக் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது சகஜம். பெட்ரோலும் டீசலும் மண்ணெண்ணெயும் நைலானைப் பாதிப்பதில்லை. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைப் போலக் கொஞ்சம் உள்ளே புகும், ஆவியானதும் வெளியேறிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி பக்கத்தில் இல்லாமல் சில நாள் தொங்கவிடுங்கள். வாடை போனபின் ஒருமுறை அலசிவிடுங்கள். நீர்விலக்கிப் பூச்சுள்ள கயிறாக இருந்தால் அந்த இடத்தில் பூச்சு கழன்றிருக்கலாம், வேறு இழப்பு இல்லை. டீசல் மட்டும் முழுக்க ஆவியாகாது, எண்ணெயாகவே கருதிக் கழுவ வேண்டும்.

அறிகுறி: கயிறு நெடுக கருத்துப்போய், பிடித்த கையெல்லாம் கரி

எண்ணெய் என்று அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். பிலே கருவியும் (ஏறுபவரின் கயிற்றைக் கீழே இருப்பவர் பிடித்துக் கட்டுப்படுத்தும் கருவி) காரபினரும் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) பெரும்பாலும் அலுமினியம். கயிறு அவற்றின் மேல் ஓட ஓட நுண்ணிய அலுமினியத்துகள் உதிர்ந்து கருப்பாக ஒட்டும். செய்தித்தாள் சோதனை செய்தால் தாளில் கரி படியும், ஒளி ஊடுருவும் திட்டு வராது. நைலானுக்கு இதனால் பங்கமில்லை. கழுவினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. போகவில்லை என்று யாரும் கடுமையான சோப்புகளைத் தேடிப் போக வேண்டாம்.

அறிகுறி: டிசெண்டரில் (கயிற்றில் இறங்கும் கருவி) கயிறு வேகமாக ஓடுகிறது, ஜூமார் (பற்களால் கயிற்றைப் பிடித்து ஏற உதவும் கருவி) பிடிக்காமல் நழுவுகிறது

எண்ணெய் பட்ட கயிற்றின் உண்மையான ஆபத்து எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி ஏ வகை செமி-ஸ்டாட்டிக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ சுமையைத் தாங்க வேண்டும். எண்ணெய் ஊறினாலும் அந்த எண் அப்படியே இருக்கும். ஆனால் நாம் உயிரோடு இறங்குவது அந்த எண்ணால் மட்டும் இல்லை, உராய்வால். டிசெண்டர், பிலே கருவி, ஜூமார், கயிற்றைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சு எல்லாமே உராய்வை நம்பி இருப்பவை. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்துவிடும். வலுவான கயிறு, ஆனால் பிடிக்காத கயிறு. குகையின் செங்குத்துக் குழியில் 30 மீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்த் திட்டு வந்தால், கை எதிர்பார்க்காத வேகத்தில் உடம்பு கீழே போகும்.

இதைத் தரையிலேயே சோதிக்கலாம். உயரம் வேண்டாம், ஒரு உறுதியான மரக்கிளையோ உத்தரமோ போதும். கீழே மெத்தை அல்லது மண்தரை இருக்கட்டும், கால் தரையிலிருந்து அரை அடிக்கு மேல் எழும்ப வேண்டாம். 6 மி.மீ. மெல்லிய கயிற்றால் (கார்டு) பெரிய கயிற்றின் சுத்தமான பகுதியில் மூன்று சுற்று ப்ரூசிக் போட்டு, உடம்பில் கட்டும் பட்டையான ஹார்னஸை மாட்டி, மெதுவாக முழு எடையைக் கொடுங்கள். பிடிக்கும். அதே முடிச்சை எண்ணெய்ப் பகுதிக்கு நகர்த்தி மறுபடி கொடுங்கள். அங்குலம் அங்குலமாக வழுகினால் பதில் கிடைத்துவிட்டது. டிசெண்டரையும் இப்படியே இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள், கைக்கு வரும் இழுவை வித்தியாசம் உடனே தெரியும். சோதித்த கார்டையும் டிசெண்டரையும் துடைக்காமல் பைக்குள் போடாதீர்கள், எண்ணெய் அடுத்த கயிற்றுக்கும் போகும்.

நழுவுவதற்கு எண்ணெய்தான் காரணம் என்றும் இல்லை. குகைகளில் அதைவிட அதிகம் சேறு. மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் இருக்கும் குழைவான களிமண் ஜூமாரின் பற்களுக்குள் அடைத்துக்கொண்டால் பற்கள் இழையைத் தொடவே தொடாது. முதலில் ஒரு பழைய பல் துலக்கியால் பற்களைச் சுத்தம் செய்து பாருங்கள். கருவியில் தேய்மானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக்கயிறாக இருந்தால் ஆலைப் பூச்சின் வழவழப்பு காரணமாக இருக்கலாம், பல செமி-ஸ்டாட்டிக் கயிறுகளை முதல் பயன்பாட்டுக்கு முன் ஊறவைத்துக் காயவைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

காரபினரின் திறந்து மூடும் வாய்க்குப் போட்ட மசகு எண்ணெய் கயிற்றுக்கு வந்துவிடுவதும் உண்டு. டபிள்யூ.டி. 40 மாதிரி ஸ்பிரே நைலானை ஒன்றும் செய்யாது. ஆனால் அடித்தபின் மிச்சத்தைத் துணியால் துடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் கயிற்றோடு சேர்க்க வேண்டும்.

அறிகுறி: மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு, இழை பொடிகிறது, நகத்தால் கீறினால் பஞ்சாகிறது

இது எண்ணெய் இல்லை. கயிற்றை இறக்குங்கள், இனி அதில் யாரும் ஏற வேண்டாம்.

பேட்டரி அமிலம் நீர் கலந்த கந்தக அமிலம். தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆவியாகாது. ஆகவே சிந்திய சொட்டு காயக் காய அடர்த்தியாகிக்கொண்டே போகும். பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாத கயிறு பிறகு பழுப்பேறி, இழைகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வரும். எல்லா நேரமும் நிறமும் மாறாது என்பதுதான் கொடுமை. ஜெர்மன் ஆல்பைன் கிளப்பின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு அறுந்த கயிறுகளை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் இரண்டு: கூர்மையான பாறை விளிம்பு, இல்லாவிட்டால் அமிலம்.

குகை ஆய்வாளர்களுக்கு இது பழைய கதை. எல்.ஈ.டி. விளக்குகள் வருவதற்கு முன், சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்கைத்தான் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தினார்கள். அதன் பேட்டரி இடுப்புப் பட்டையில் தொங்கும். ஈய-அமில வகை கசிந்தால் கந்தக அமிலம், நிக்கல்-இரும்பு வகை கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. முதலாவது நைலான் ஹார்னஸையும் கயிற்றையும் அழிக்கும், இரண்டாவது பாலியெஸ்டரையும் தோலையும் பதம் பார்க்கும். பேட்டரியையும் கயிற்றையும் ஒரே பையில் போடக் கூடாது என்ற விதி அந்த அனுபவத்தில் வந்தது.

நம் ஊரில் அந்த விளக்கு இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் பேட்டரி இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அதன் மூடித் துளைகள் வழியாக அமிலம் கலந்த நுண்துளி வெளியே வரும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே அதே மூலையில்தான் கயிற்றுப் பையும் இருக்கிறதென்றால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். குளியலறை கழுவும் ஆசிட், துரு நீக்கி, பெயிண்ட் உரிக்கும் திரவம், தரைக்கு ஊற்றும் கருப்பு ஃபினைல், மரத்துக்கு அடிக்கும் கிரியோசோட் எல்லாமே இதே பட்டியல். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் வைத்திருப்பார்கள். அடர்ந்த ஃபார்மிக் அமிலத்தில் போட்ட நைலான் இழை அறை வெப்பநிலையிலேயே கரைந்துவிடும், ஆய்வகத்தில் நைலானைக் கரைக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் தோட்டத்து ஜீப்பில் கயிறு ஏற்றிப்போகும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பி.எச். பட்டை இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் சாட்சி சொல்லும். அமிலம் காட்டினால் கயிறு முடிந்தது. காட்டவில்லை என்பதால் தப்பித்தது என்று சொல்ல முடியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகிப் போய்விடும், அது அறுத்துவிட்டுப் போன சங்கிலி அறுந்ததுதான். சோடா உப்பு போட்டு அமிலத்தை முறித்துவிட்டேன், இனி பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முறிப்பதால் மேற்கொண்டு சேதம் நிற்கும், நடந்த சேதம் திரும்பாது. கயிற்றில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்றால், அமில விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுருட்டி வைத்த கயிற்றில் ஒரு சொட்டு எத்தனை மடிப்பைத் தொட்டது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி: ஒரு இடம் மட்டும் விறைப்பு, மேலே பளபளப்பு

வேகமாக இறங்கிச் சூடேறிய டிசெண்டரோ, கயிற்றின் மேல் கயிறு உரசியதோ ஷீத்தை உருக்கியிருக்கிறது. நைலான் 6 உருகுவது சுமார் 220 டிகிரி செல்சியஸில். உராய்வு அந்தச் சூட்டை நொடிகளில் எட்டும். விரல் நுனியில் கண்ணாடி போல் வழுக்கினால், வளைக்கும்போது நொறுங்கும் சத்தம் வந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுங்கள். நடுவில் இருந்தால் கயிறு இரண்டு குட்டைக் கயிறாகும். பெயிண்ட், பசை, வார்னிஷ் காய்ந்தும் இப்படி விறைக்கலாம். ஆளிவிதை எண்ணெயும் காய்ந்தால் இறுகும், எண்ணெய் வகையில் அது ஒரு விதிவிலக்கு. எது என்று பிரித்தறிய முடியாவிட்டால் உருகியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஷீத் நன்றாக இருக்கிறது, பிடித்தால் உள்ளே பள்ளம்

கயிற்றை இரு கையிலும் பிடித்து, சாண் சாணாக வளைத்துக்கொண்டே போங்கள். நல்ல கயிறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வட்டமாக வளையும். ஓரிடத்தில் மட்டும் காகிதம் மடிவது போல் சட்டென்று மடிந்தாலோ, தட்டையாகவோ உப்பலாகவோ இருந்தாலோ கோர் அடிபட்டிருக்கிறது. எண்ணெய் இதைச் செய்யாது. விழுந்த கல், பாறை விளிம்பு, வண்டிச் சக்கரம், இப்படி ஏதோ ஒன்று. கேள்வி கேட்காமல் வெட்டிவிடுங்கள்.

தலைக்கு வைத்த எண்ணெய், சமையல் எண்ணெய், சன்ஸ்கிரீன்

கையில் ஒட்டியிருக்கும் தேங்காய் எண்ணெய் கயிற்றில் படுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சமைத்த இடத்தில் நல்லெண்ணெய் கொட்டினால் கழுவினால் போதும். நாளாகிச் சிக்கு வாடை அடித்தால் எறும்பும் எலியும் தேடி வரும் என்பதுதான் பிரச்சினை. எலி கடித்த கயிற்றுக்கு வைத்தியம் கிடையாது.

எண்ணெயைக் கழுவும் விதம்

முதலில் உறிஞ்ச வேண்டும், பிறகுதான் கழுவ வேண்டும். கறைப் பகுதியைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, தாளை மாற்றி மாற்றி, தாளில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை செய்யுங்கள். பிறகு வாசனையில்லாத டால்கம் பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். இதிலேயே பாதி போய்விடும்.

அடுத்தது 30 டிகிரிக்கு மிகாத தண்ணீர், கயிற்றுக்கென்று விற்கும் கழுவு திரவம் அல்லது நடுநிலை பி.எச். உள்ள மென்மையான சோப்புத் திரவம். ஒரு பக்கெட்டில் கறைப் பகுதியை மட்டும் ஊறவைத்து, விரல்களால் பிழிந்து பிழிந்து விடுங்கள். முறுக்க வேண்டாம். தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி செய்ய வேண்டும், படலம் வருவது நிற்கும் வரை. கடைசியில் கயிறு முழுவதையும் சங்கிலிப் பின்னலாகக் கோத்து, வெறும் தண்ணீரில் சோப்பு போகும்வரை அலசுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதென்றால் கயிற்றைத் துணிப்பையில் கட்டி, முன்பக்கம் திறக்கும் மெஷினில், குளிர்ந்த நீரில் போடலாம். அதற்கு முன் மெஷினின் பவுடர் தட்டைக் கழுவிவிடுங்கள், போன வாரம் வெள்ளைத்துணிக்குப் போட்ட பிளீச் அங்கே இருக்கலாம்.

செய்யக் கூடாதவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் பட்ட கயிறு கெட்டதில்லை, எண்ணெயை எடுக்கிறேன் என்று செய்த வேலையால் கெட்டுப்போன கயிறுகள் உண்டு. பிளீச் வேண்டாம். தின்னர், கறை நீக்கி, மெக்கானிக் கடை டிகிரீசர் வேண்டாம். எலுமிச்சை, வினிகர் வேண்டாம். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இயற்கையானவைதான், ஆனால் அவற்றின் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, தேவையில்லாத சோதனை. கொதிநீரும் இஸ்திரிச் சூடும் வேண்டாம்.

நிழலில், காற்றில், தரையில் படாமல் தொங்கவிட்டுக் காயவிடுங்கள். வெளியே காய்ந்தாலும் கோர் ஈரமாக இருக்கும், மழைக்காலத்தில் ஒரு வாரம் கூட ஆகும். காய்ந்தபின் செய்தித்தாள் சோதனையும் ப்ரூசிக் சோதனையும் மறுபடி செய்யுங்கள். கறையின் நிழல் போகாமல் நின்றாலும் பரவாயில்லை. வழுக்கல் போகவில்லை என்றால்தான் மறுபடி கழுவ வேண்டும். மூன்றாம் முறையும் வழுக்கினால் அந்தப் பகுதியை வெட்டிவிடுவேன்.

கழுவியபின் கயிறு கொஞ்சம் விறைத்து, நீளம் குறைந்தது போல் தெரியும். நைலான் நனைந்து காய்ந்தால் சுருங்குவது வழக்கம்தான். அளந்து, குறைந்த நீளத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் சோப்பு மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை அலசுங்கள்.

அறிகுறி எதுவுமில்லை, ஆனால் கயிறு எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது

கல்லூரி மலையேற்றக் குழுக்களிலும், கைமாறி வந்த கயிறுகளிலும் இதுதான் அதிகம். எண்ணெய் பட்டதாகத் தெரிந்த கயிற்றை நான் கழுவிப் பயன்படுத்துவேன். எதுவுமே தெரியாத கயிற்றை, அது பளிச்சென்று இருந்தாலும், ஆள் ஏறப் பயன்படுத்த மாட்டேன். காரில் கட்டி இழுத்துப் பார்த்தோம், அறவில்லை என்று சொல்வார்கள். அந்த இழுவை ஒரு விழுகையின் அதிர்ச்சியைச் சோதிக்காது, அமிலம் பட்ட இடம் அன்றைக்குத் தாங்கிவிட்டு அடுத்த மாதம் விட்டுவிடலாம். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தாத கயிற்றுக்கே பத்து வருடம்தான் உச்ச ஆயுள் என்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் ஒழுங்காக வைத்திருந்த கயிற்றுக்குத்தான்.

ஓய்வு கொடுத்த கயிற்றை முழுசாகக் குப்பையில் போடாதீர்கள். நம் ஊரில் நல்ல கயிறு குப்பையில் ஒரு மணி நேரம் கூடக் கிடக்காது. யாராவது எடுத்துப்போய்க் கிணற்றில் இறங்கவோ, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆளை இறக்கவோ கட்டிவிடுவார்கள். ஆள் எடையைத் தொங்கவிட முடியாதபடி, இரண்டு முழத் துண்டுகளாக வெட்டிவிட்டுப் போடுங்கள். அமிலம் பட்ட கயிற்றை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது தோலையும் விடாது.